சிவப்புப் பையில் காத்திருந்த இரத்தம்

ஓய்வு பெற்ற தாதியர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ஒரு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். இப்போது மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறவள். "ஏதாவது இனிமையான அனுபவமா எழுதுங்க ஆன்டி" என்றாள். மலத்தையும் சீழையும் இரத்தத்தையும் துடைத்தே தலை நரைத்தவளிடம் வந்து இனிமையைக் கேட்டால் நான் எங்கே போவது? அப்படி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்று சொன்னாள். "அந்தக் காலத்துல எச்.ஐ.வி. பேஷண்ட எல்லாம் ஒதுக்கி வெப்பாங்களாமே ஆன்டி? இப்ப அது இனிப்பு நீர் வியாதி மாதிரிதான். மாத்திரையக் குடுத்து அனுப்பிடுறோம்."

அவள் சொன்னது உண்மைதான். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஏன் என்று வாசலில் நின்று விளக்கப் பொறுமை இல்லை. அதனால் எழுதுகிறேன். இது இனிமையான அனுபவம் கிடையாது. ஆனால் இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மூச்சு லேசாக வருகிறது. மலருக்கு ஒத்துவந்தால் போடட்டும், இல்லாவிட்டால் விடட்டும்.

நான் ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா செம்பனைக் குலை வெட்டினார், அம்மா உரம் போட்டார். எழுபதுகளின் நடுவில் தாதிப் படிப்புக்குக் கோலாலம்பூர் வந்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பயிற்சி சிஸ்டர் ஒருவர், கட்டில் விரிப்பின் மூலையை ஒழுங்காக மடிக்கத் தெரியாதவளுக்கு நோயாளியைக் கவனிக்கத் தெரியாது என்று தினமும் சொல்வார். அது பொய். விரிப்பைக் கத்தி மாதிரி மடித்துவிட்டு, நோயாளி கூப்பிட்டால் காது கேட்காதவள் போலப் போன தாதிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விடுமுறை நாளில் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த சித்தி வீட்டுக்குப் போவேன், சாப்பிடுவேன், தூங்குவேன். அவ்வளவுதான் என் இளமை.

அந்த வருடங்களிலிருந்து ஒரு சாவு மட்டும் என் கூடவே வந்தது. அரசாங்க குமாஸ்தா ஒருவரின் மனைவி கர்ப்பப்பை அறுவைக்கு வந்திருந்தார். புண் நன்றாக ஆறியது. கெண்டைக்கால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார். "படுத்தே கெடந்தா வலிக்காம என்ன செய்யும்?" என்று மூத்த தாதி ஒருவர் அடக்கிவிட்டார். வீட்டுக்குப் போகிற அன்று காலை அந்த அம்மா எழுந்து நின்று தலை வாரினார். சீப்பு கையிலிருந்து விழுந்தது. பிறகு அவரும் விழுந்தார். மூச்சு இல்லை. காலின் உள்ளே இரத்தம் கட்டியாக உறைந்திருக்கிறது, எழுந்து நின்றதும் அது கழன்று மேலே போய் நுரையீரலின் இரத்தக்குழாயை அடைத்துவிட்டது என்று டாக்டர் விளக்கினார். விளக்கத்தை வைத்துக்கொண்டு அந்தக் கணவர் என்ன செய்வார்? உயிரோடு இருந்தபோது அந்தக் காலில் ஒருவராவது கை வைத்துப் பார்த்திருக்கலாம்.

அதற்குப் பிறகு, படுக்கையில் கிடக்கிறவர் யாராக இருந்தாலும் போர்வையை விலக்கி இரண்டு கெண்டைக்காலையும் பார்த்துவிட்டுத்தான் நகர்வேன். நோயாளிகளுக்கு எல்லாத் தாதியும் மிஸ்ஸிதான். நான் கால் மிஸ்ஸி ஆனேன். "கால் மிஸ்ஸி வராங்க, காலை நீட்டுங்கப்பா" என்று கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

தொண்ணூறுகளில் கிள்ளான் வட்டாரத்து மருத்துவமனை ஒன்றில் ஆண்கள் வார்டுக்கு மாற்றலாகி வந்தேன். எச்.ஐ.வி. நோயாளிகள் வரத் தொடங்கியிருந்த காலம். பெரும்பாலும் ஊசியில் போதை ஏற்றிப் பழகிய பையன்கள். அவர்களுக்கென்று வார்டில் சில வழக்கங்கள் உண்டாகியிருந்தன. கட்டில் கடைசியில், பின்கதவுக்குப் பக்கத்தில். தட்டு தனி, கோப்பை தனி. அட்டெண்டன் சாப்பாட்டைக் கால்மாட்டில் வைத்துவிட்டு ஓடுவான். இதையெல்லாம் யாரும் உத்தரவு போட்டுச் செய்யவில்லை, தானாகவே நடந்தது.

ஒன்று மட்டும் கூட்டம் போட்டு முடிவு செய்யப்பட்ட விதி. அவர்களிடம் எடுத்த இரத்தக் குழாயில் சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டி, சிவப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை ரப்பர் வளையத்தால் சுற்றி லேப்புக்கு அனுப்ப வேண்டும். விண்ணப்பத் தாளும் பைக்குள்ளேயே போகும். லேப்பில் அந்தப் பைகளுக்குத் தனிக் கூடை இருந்தது. அதற்கு மேல் அங்கே என்ன நடக்கிறது என்று வார்டில் யாரும் கேட்டதில்லை.

பயம் எனக்கும் இருந்தது. இல்லை என்று சொன்னால் அது நடிப்பு. ஊசி தவறிக் கையில் குத்திவிட்டால் என்ன ஆகும் என்று நானும் வீட்டுக்குப் போய் விரல்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். பயந்துகொண்டே வேலையைச் செய்யலாம். பலர் பயத்தைச் சாக்காக வைத்து வேலையை விட்டுவிட்டார்கள். எனக்கு எரிச்சல் அதில்தான்.

அந்தக் கடைசிக் கட்டிலுக்குச் சந்திரன் வந்தான். முப்பது வயதிருக்கும். கேரி தீவுத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவன். ஊசிப் பழக்கத்தை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அவன் விட்டாலும் கிருமி அவனை விடவில்லை. காய்ச்சல், நெஞ்சுச் சளி என்று சேர்த்திருந்தார்கள். காய்ச்சல் இறங்கி வருகிற நேரத்தில் இடது கால் வீங்கத் தொடங்கியது. தொடையில் பழைய ஊசித் தழும்புகள் இருந்ததால் எல்லோருக்கும் விஷயம் சுலபமாகிவிட்டது. பழைய புண், உள்ளே சீழ் என்று சொல்லிவிட்டார்கள். தொட்டுப் பார்த்தா சொன்னார்கள்? நின்ற இடத்திலிருந்து சொன்னார்கள்.

அவனுக்கு இருந்தது ஓர் அக்கா மட்டும்தான். வள்ளி என்று பெயர். கிள்ளானில் ரப்பர் கையுறை செய்யும் தொழிற்சாலையில் வேலை. ஷிப்ட் முடிந்ததும் சீருடையோடு நேராக வார்டுக்கு வந்துவிடுவாள். ஒரு நாள் வார்டு மேசையில் இருந்த கையுறைப் பெட்டியைக் காட்டினாள்.

"இது எங்க பேக்டரி சாமான் மிஸ்ஸி. பெட்டியப் பாத்தாலே தெரியும். என் தம்பியத் தொடுறதுக்கு ஒண்ணு மேல ஒண்ணா ரெண்டு போடுறாங்க. எங்க மொதலாளி தவுக்கேக்கு நல்ல யாவாரம்."

சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. "காலு ஏன் மிஸ்ஸி இப்படி மினுமினுன்னு இருக்கு? நேத்து இப்படி இல்லையே?" என்றாள்.

நான் போர்வையை விலக்கினேன். இடது கால் தொடை வரைக்கும் ஒரே சீராக வீங்கி, தோல் இறுகி, தொட்டால் சுட்டது. கெண்டைக்கால் கட்டை மாதிரி இருந்தது. லேசாக அழுத்தியதும் சந்திரன் கத்தினான். எனக்குக் காதுக்குள் அந்தச் சீப்பு விழுகிற சத்தம் கேட்டது. "கட்டில விட்டு எறங்காத. ஒண்ணுக்கு வந்தாலும் என்னையக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு டாக்டர் புவனேஸ்வரியைத் தேடி ஓடினேன்.

அவர்தான் எங்கள் தலைமை மருத்துவர். யாழ்ப்பாணக் குடும்பம், பிரிக்பீல்ட்ஸில் வளர்ந்தவர். குள்ளமான உருவம், பருத்திச் சேலை, அதற்கு மேல் வெள்ளைக் கோட்டு. அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கத்துகிற டாக்டரைச் சமாளித்துவிடலாம், இவரிடம் முடியாது. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வருகிறவரை நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். தெரியாது என்றால் கோபிக்க மாட்டார். தெரிந்த மாதிரி அளந்தால் தொலைந்தோம். நோயாளியைத் தொடுவதற்கு முன்பு கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கோட்டுப் பையில் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். கடைசிக் கட்டிலிலும் அதையேதான் செய்தார்.

"ரெண்டு காலையும் அளந்தனீரோ பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார்.

"பார்த்தேன் டாக்டர். அளக்கல."

"பார்த்தது காணாது. டேப் எடும்."

முழங்கால் சில்லுக்குக் கீழே ஒரு சாண் தள்ளிப் பேனாவால் கோடு போடச் சொன்னார். இரண்டு காலிலும் ஒரே உயரத்தில். "நாளைக்கு வேற ஆள் அளந்தாலும் இந்தக் கோட்டிலதான் அளக்க வேணும். இல்லாட்டி ஆளுக்கொரு அளவு சொல்லுவினம்."

பக்கத்தில் பயிற்சி டாக்டர் நின்றிருந்தார். தமிழ்ப் பையன், வேலைக்குப் புதிது. "சீழ்னு நெனச்சோம் டாக்டர். எச்.ஐ.வி. கேஸுக்கு ரத்தக் கிளாட் எல்லாம் வருமா?" என்றார்.

"ஏன் வராது? கிருமி நெஞ்சிலயும் குடலிலயும் மட்டும் இருக்கும் எண்டு ஆர் உமக்குச் சொன்னது? அது இரத்தத்தில ஓடுது. ஓடுற குழாயின்ர உள்தோலைச் சும்மா விடுமோ? அதோட காய்ச்சல், படுக்கை. இந்த ஆக்களுக்குத்தான் இரத்தம் கெதியா உறையும். நாங்கள் தேடுறேல்ல, அதால காணுறேல்ல."

அப்போது அதைப் பேசியவர்கள் குறைவு. இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அந்தக் கிருமி இருப்பவர்களுக்கு இரத்தம் உறைவதும், இரத்தக்குழாய் கெடுவதும், மாரடைப்பும் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரக்கூடும், மாத்திரை சாப்பிட்டாலும் கவனமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். அன்றைக்கு அவர் சொன்னதைப் பயிற்சி டாக்டர் பாதிதான் நம்பினார். ஸ்கேன் எடுத்த பிறகு முழுவதும் நம்பினார். தொடை வரைக்கும் நாளம் அடைத்திருந்தது.

ஹெபரின் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். இரத்தம் மேலும் உறையாமல் தடுக்கும் மருந்து. சொட்டுச் சொட்டாக இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் கட்டி வளரும், கழன்று நுரையீரலுக்குப் போகும். கூடினால் உடம்பில் எங்கு வேண்டுமானாலும் இரத்தம் கசியும், மூளையில் கசிந்தால் முடிந்தது. அதனால் அடிக்கடி இரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று லேப்பில் பார்த்து, அதற்குத் தகுந்தபடி மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

அடிக்கடி இரத்தம் எடுக்க வேண்டும். யாருடைய இரத்தத்தை? வார்டில் ஒருவரும் தொட விரும்பாதவனுடைய இரத்தத்தை. ஒருத்திக்கு வீட்டில் கைக்குழந்தை. இன்னொருத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மற்றொருத்திக்குக் காரணமே இல்லை, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். நானே எடுத்தேன். ஷிப்ட் முடிந்தும் இருந்து எடுத்தேன். விஷயம் தெரிந்து, வீட்டில் எங்களோடு இருந்த நாத்தனார் என் தம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள். அதே தம்ளரில் அவளுக்குக் கோப்பி கலக்கிக் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகு சொன்னேன். அன்றிலிருந்து எந்தத் தம்ளரும் தனியாக நிற்கவில்லை.

ஹெபரின் ஏறுகிற கையிலிருந்து இரத்தம் எடுக்கக் கூடாது, மற்றக் கையில்தான் எடுக்க வேண்டும். நீல மூடிக் குழாயில் கோடு வரைக்கும் நிரப்ப வேண்டும். கோட்டுக்குக் குறைந்தாலும் கூடினாலும் முடிவு தப்பாக வரும். குழாயைக் குலுக்கக் கூடாது, மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். இதெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். ஆனால் சந்திரனின் கையில் நாளமே கிடைக்கவில்லை. ஊசி குத்திக் குத்தி எல்லாம் கயிறு மாதிரி இறுகிப் போயிருந்தன. முதல் நாள் நான் முழங்கை மடிப்பில் தடவிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான்.

"அங்க ஒண்ணும் இல்ல மிஸ்ஸி. சும்மா தேடாதீங்க. மணிக்கட்டுக்கு மேல, கட்டைவிரல் பக்கம் ஒண்ணு இருக்கு பாருங்க. அதத் தொடாம வெச்சிருந்தேன்."

"எதுக்கு?"

"கஷ்ட காலத்துக்கு."

"இப்ப என்னடா காலம் உனக்கு?" என்றேன். அவன் சிரித்துவிட்டான். அந்த நாளம் நல்ல நாளம். அவன் ஓர் அயோக்கியன் என்றாலும் அந்த ஒன்றைக் காப்பாற்றி வைத்திருந்தான்.

மருந்து ஏறத் தொடங்கிய பிறகு டாக்டர் புவனேஸ்வரி ஒரு மருத்துவக் கூட்டத்துக்காக வெளியூர் போனார். இரத்தம் எடுத்த கையோடு குழாயை நானே பையில் போட்டு, அட்டெண்டன் கையில் கொடுத்து, அவன் லேப் பக்கம் திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நிற்பேன். முடிவு மாலையில்தான் வரும். வந்த முடிவு, மருந்து போதவில்லை என்றது. பயிற்சி டாக்டர் மருந்தைக் கூட்டினார். மறுநாளும் போதவில்லை என்று வந்தது. மறுபடி கூட்டினார். பெரிய டாக்டர்கள் தொலைபேசியில் சரி சரி என்றார்கள். தாளில் வந்த எண்ணைப் பார்த்தால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

"ஹெபரின் கேக்க மாட்டேங்குது மிஸ்ஸி. இந்தக் கிருமி உள்ளவங்க ரத்தமே அப்படித்தான் போல" என்றார் அவர்.

அடுத்த நாள் காலை சந்திரன் பல் தேய்த்துவிட்டுத் துப்பினான். கிண்ணம் முழுக்க இரத்தம். சிறுநீர் தேயிலைச் சாயம் மாதிரி வந்தது. இரத்த அழுத்தம் பார்க்கப் பட்டி சுற்றிய கையில் அந்தப் பட்டியின் அகலத்துக்கே கன்றிப் போயிருந்தது. இரத்தம் என்றதும் வார்டே பின்வாங்கியது. துப்புரவுப் பணியாள் வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வர மாட்டேன் என்றார். நான் துடைத்தேன். துடைத்துக்கொண்டே திட்டினேன். யாரை என்று கேட்காதீர்கள், கண்ணில் பட்ட எல்லோரையும்.

வள்ளி வேலைக்குப் போகாமல் வந்து நின்றாள். கட்டிலுக்குப் பக்கத்தில் அழவில்லை, என்னைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிப் போனாள்.

"மிஸ்ஸி, உண்மையச் சொல்லுங்க. மருந்து குடுக்கலன்னா கட்டி நெஞ்சுக்குப் போயிரும்னு சொன்னீங்க. மருந்து குடுத்தா இப்படிக் கொட்டுது. என் தம்பி எந்தப் பக்கம் சாவான்னு மட்டும் சொல்லுங்க."

தெரியவில்லை என்றே சொன்னேன்.

அன்று காலையே டாக்டர் புவனேஸ்வரி திரும்பி வந்திருந்தார். பயணப் பையை அறையில் வைத்துவிட்டு நேராக வார்டுக்கு வந்தார். கடிகாரத்தைக் கழற்றினார். கையைத் தேய்த்தார். அவன் ஈறுகளைப் பார்த்தார், வயிற்றில் கை வைத்தார், கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். தலைவலி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றான் சந்திரன். பிறகு லேப் முடிவுகளைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"மருந்து காணாது எண்டு தாள் சொல்லுது. மருந்து கூடிப்போச்சு எண்டு உடம்பு சொல்லுது" என்றார். "ஆரை நம்புறது பிள்ளை?"

அவர் வழக்கப்படி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உடம்பை" என்றேன்.

"ஹெபரினை நிப்பாட்டும். நிப்பாட்டுறதுக்கு முதல் ரெண்டு குழாய் இரத்தம் எடும். ஒரே குத்தில. பையில போடாதேயும். என்னோட வாரும்."

அந்தக் கட்டைவிரல் பக்கத்து நாளத்திலிருந்தே எடுத்தேன். சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டினேன், அதை மறைக்கச் சொல்லி அவர் சொல்லவில்லை. மருந்தை நிறுத்தினேன். உடைபடாத பெட்டி ஒன்றில் குழாய்களை நிற்க வைத்து எடுத்துக்கொண்டு இருவரும் லேப்புக்கு நடந்தோம். நான் எடுத்த முறையில் ஏதாவது தப்பு இருக்குமோ என்று குழாயில் இருந்த கோட்டை மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டே போனேன்.

லேப்புக்குத் தலைவர் மிஸ்டர் லிம். கறாரான மனிதர், நல்ல வேலைக்காரர். டாக்டரே நேரில் வந்ததைப் பார்த்து எழுந்து நின்றார். ஆங்கிலமும் மலாயும் கலந்துதான் பேச்சு நடந்தது. சிவப்புப் பை வந்ததும் என்ன செய்வீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

"கூடையில் வைப்போம்."

"பிறகு?"

"கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து மெஷினில் ஓட்டுவோம். பிறகு மெஷினை மருந்து போட்டுக் கழுவ வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கழுவ முடியாது. கூட்டத்தில் பேசி எடுத்த முடிவு."

"கடைசி என்றால் எப்போது?"

"மற்ற வேலை எல்லாம் முடிந்த பிறகு. சாயங்காலம் ஆகிவிடும்."

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தப் பைக்குள் இருந்தது ஹெபரின் ஏறுகிற நோயாளியின் இரத்தம்" என்றார்.

மிஸ்டர் லிம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அலாமாக்!"

அவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அவருக்கு அது அரிச்சுவடி. ஹெபரின் கலந்த இரத்தத்தைக் குழாயில் அப்படியே நிற்க வைத்தால், இரத்தத்துக்குள்ளிருந்தே ஒரு பொருள் வெளிவந்து ஹெபரினைக் கொஞ்சம் கொஞ்சமாக முறித்துவிடும். காலையில் தண்ணீராக இருந்த இரத்தம் சாயங்காலம் சாதாரண இரத்தம் மாதிரி உறையும். சாதாரண நோயாளியின் ஹெபரின் குழாய் வந்தால் அவர் ஆட்கள் உடனே ஓட்டிவிடுவார்கள். இது பைக்குள் இருந்தது. விண்ணப்பத் தாளும் பைக்குள். கடைசி வரை யாரும் அந்தப் பையைத் திறப்பதில்லை. திறந்து படிக்கிற நேரத்தில் ஓட்டி முடிவை எழுதவேண்டியதுதான் பாக்கி.

"ஒன்றை இப்போது ஓட்டுங்கள். மற்றதைக் கூடையில் வையுங்கள்" என்றார் டாக்டர்.

மிஸ்டர் லிம் வேறு யாரையும் கூப்பிடவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு தானே உட்கார்ந்து ஓட்டினார். நாங்கள் பின்னால் நின்றோம். இரத்தம் உறைய மறுத்தது. மெஷின் அளக்கக்கூடிய எல்லை வரைக்கும் போய் நின்றுவிட்டது. கூடையில் வைத்த குழாயைச் சாயங்காலம் ஓட்டிப் பார்த்தபோது, மருந்து போதவில்லை என்று முந்தைய நாட்களைப் போலவே சொன்னது. ஒரே கை, ஒரே குத்து, ஒரே இரத்தம்.

கிருமியைச் சொன்னார்கள், அவன் இரத்தத்தைச் சொன்னார்கள், மருந்தைச் சொன்னார்கள். எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரு பையைத் திறக்க அலுத்துக்கொண்டு ஒரு மனிதனைக் கொல்லப் பார்த்திருக்கிறோம். நான் அதை அங்கேயே சத்தமாகச் சொல்லிவிட்டேன். டாக்டர் என் தோளில் கை வைத்து, "வாரும் பிள்ளை. இப்ப கால்தான் முக்கியம்" என்றார்.

அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. மருந்து உடம்பிலிருந்து இறங்க வேண்டும். இறங்குகிற நேரத்தில் கட்டி கழன்றுவிடக் கூடாது. சந்திரனை அசையாமல் படுக்க வைத்தேன். அவன் வாயை ஓயாமல் அசைத்தான். கட்டில் குத்துகிறது, கஞ்சியில் உப்பில்லை, பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை விடுகிறார் என்று ஒவ்வொன்றாக எடுத்தான். வள்ளி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, "வாய மூடுடா, நெஞ்சுக்குப் போயிரப் போவுது" என்று அதட்டினாள். நான் கிண்ணத்தை நீட்டித் துப்பச் சொன்னேன். இளஞ்சிவப்பு. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. அதைவிட வெளிறி வந்தது. கடைசியில் வெறும் எச்சில் வந்தது. அந்த எச்சிலை நானும் வள்ளியும் கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். வெளியே யாராவது பார்த்திருந்தால் எங்களுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

இரத்தம் எடுத்தேன். மிஸ்டர் லிம் தன் ஆளையே வார்டு வாசலுக்கு அனுப்பியிருந்தார். முடிவு உடனே வந்தது. சரியான அளவு. மருந்தை மறுபடி ஆரம்பித்தோம், இந்த முறை குறைவாக. டாக்டர் காலில் போட்டிருந்த பேனாக் கோட்டில் டேப்பை வைத்து அளந்தார். கால் இறங்கத் தொடங்கியிருந்தது. பிறகு அதே வேலையைச் செய்யும் வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றி, ஒரு காலைப்பொழுதில் அவனை எழுந்து நிற்கச் சொன்னார். அவன் நின்றான். நான் அவன் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி பிடிக்கிறவள் மாதிரி நின்றேன். அவன் நின்றுகொண்டே இருந்தான். "என்ன மிஸ்ஸி, பயந்துட்டீங்களா?" என்றான். கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதுவிட்டு வந்தேன். அது துக்க அழுகை இல்லை. சுமந்துகொண்டிருந்ததை இறக்கி வைத்த அழுகை.

ஹெபரின் குழாய் எந்த நிற ஒட்டுத்தாளோடு வந்தாலும் உடனே ஓட்ட வேண்டும் என்று லேப்பில் எழுதி ஒட்டினார்கள். பின்னால் சிவப்புப் பையே ஒழிந்தது. யார் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது, எல்லார் இரத்தத்தையும் ஒரே கவனத்தோடு தொடுவோம் என்று விதி வந்தது. அதை முதலிலேயே செய்திருக்க ஒரு பயலுக்கும் புத்தி வரவில்லையே என்று அன்றைக்கும் கோபப்பட்டேன். டாக்டர் புவனேஸ்வரி, "வந்துட்டுதல்லோ. சந்தோசப்படும்" என்றார். எனக்குச் சந்தோஷப்படுவது எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

எச்.ஐ.வி.க்கு மாத்திரைகள் கிடைக்கத் தொடங்கும் காலம் வரைக்கும் சந்திரன் தாக்குப் பிடித்தான். பிறகு மாத்திரைகள் அவனைப் பார்த்துக்கொண்டன. இப்போது டயர்க் கடை வைத்திருக்கிறான். இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்கும்படி வள்ளியிடம் சொல்லியிருந்தேன். நேற்று அவனே கூப்பிட்டான்.

"மிஸ்ஸி, என்னப் பத்தி எழுதப் போறீங்களாமே? அப்ப ஊசியால குத்தினது பத்தாதா, இப்ப பேனாவால வேற குத்தணுமா?"

"பேச்சக் குறை. எழுதட்டுமா, வேணாமா?"

"எழுதுங்க லா. பேர மட்டும் மாத்திடுங்க. அக்கா மகளுக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க பேசிட்டு இருக்காங்க."

"இன்னுமா பயந்துகிட்டு இருக்கே?"

"எனக்கு இல்ல மிஸ்ஸி. அவங்களுக்கு இருக்கும்."

மாற்றிவிட்டேன். அவன் பெயர், அவன் அக்கா பெயர், மற்றவர்கள் பெயர் எல்லாவற்றையும். போனை வைக்கப் போனவன், ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி பேசினான்.

"ஒண்ணு கேக்கணும். காலு வலிக்குது மிஸ்ஸி."

நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். "எந்தக் காலு? வீங்கியிருக்கா? சூடா இருக்கா?"

"ரெண்டு முட்டியும்தான். மாடிப் படி ஏறினா கடக்கு கடக்குன்னு சத்தம் வருது. டாக்டர்கிட்ட காட்டினேன். வயசாயிருச்சு அங்கிள், ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாரு. என்னைப் போயி வயசாயிருச்சுன்றான், சின்னப் பய." குரலில் அப்படி ஓர் அலுப்பு.

தைலம் தேய்த்துக்கொள் என்றேன். அவனுக்கு நான் சொன்ன வைத்தியத்திலேயே அதுதான் லேசானது.